சுவரில் தொங்கும் படத்துக்கு யார் மதிப்பெண் போடுவது?



சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அந்தச் சந்திப்பைச் சுற்றியுள்ள சிப்காட் வளாகங்களில், ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் ஆயிரக்கணக்கானவர்கள் படங்களையும் குறிகளையும் நிறங்களையும் படித்துக்கொண்டேதான் வேலைக்குள் நுழைகிறார்கள். எங்கே நடக்கலாம் என்று தரையில் போட்ட மஞ்சள் பட்டை சொல்கிறது. எந்தத் திருகை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்பதைத் தலைக்கு மேல் தொங்கும் வேலைமுறைத் தாள், புகைப்படமும் சிவப்பு வட்டமுமாகக் காட்டுகிறது. லைன் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதை ஆன்டான் பலகையின் விளக்கு அறிவிக்கிறது. தேறிய பாகம் ஒரு பெட்டிக்கும் ‘என்.ஜி.’ என்று ஒதுக்கிய பாகம் சிவப்புப் பெட்டிக்கும் போகிறது. தமிழ்நாட்டில் காட்சித் தொடர்பியல் எங்கே மிகத் தீவிரமாக நடக்கிறது என்று கேட்டால் பலருக்குக் கோடம்பாக்கம் நினைவுக்கு வரும். நான் இந்த ஒரகடத்தைத்தான் சொல்வேன். இங்கே ஒரு படம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் அதற்கு ஒருவருடைய விரல் விலையாகலாம். யாரோ ஓட்டப்போகும் வண்டியின் பிரேக் விலையாகலாம்.

இதே கலையைத்தான் இங்கிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவுக்குள் இருக்கும் கல்லூரிகள் ‘விஸ்காம்’ என்ற பெயரில் கற்பிக்கின்றன. இறுதிப் பருவத்தில் மாணவர் ஒரு ப்ராஜெக்ட் செய்கிறார். சுவரொட்டித் தொடர், நிறுவன முத்திரை, விழிப்புணர்வுப் படக்கதை, குறியீட்டுத் தொகுப்பு, செயலியின் திரைகள் என்று அது பலவகைப்படும். பிறகு ஒருநாள் அவை சுவரில் மாட்டப்படுகின்றன. வெளித்தேர்வாளர் வருகிறார், பார்க்கிறார், வைவாவில் சில கேள்விகள் கேட்கிறார், மதிப்பெண் எழுதுகிறார். மாணவரின் பல மாத உழைப்பு சில நிமிடங்களில் ஓர் எண்ணாகிறது. அந்த எண் எதை அளந்தது என்பதுதான் இன்று என் கேள்வி. சுவரில் தொங்கும்போது படம் எப்படித் தோன்றியது என்பதை மட்டுமே அது அளக்கிறது என்பதும், அந்தப் படம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரிடம் அது போய்ச் சேர்ந்ததா என்பதை அளக்கவே இல்லை என்பதும் என் வாதம். தொடர்பியல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு துறைக்கு இது சிறிய குறை அன்று.

முதலில் தேர்வாளரின் கண்ணைப் பற்றிப் பேசுவோம். ஒரே விடைத்தாளுக்குப் பலர் மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதிக்கப்பட்ட விஷயம். 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வடிவகணித விடைத்தாளின் படிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த மதிப்பெண்கள் 28 முதல் 92 வரை இருந்தன. விடை சரியா தவறா என்று திட்டமாகச் சொல்லிவிடக்கூடிய வடிவகணிதத்திலேயே இந்த இடைவெளி என்றால், ஒரு சுவரொட்டியின் நிறச் சேர்க்கைக்கும் எழுத்தமைப்புக்கும் போடும் மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் நம்புவது? தேர்வாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற, அக்கறை கொண்ட கண்ணும் ஒரு கருவிதான், கருவி என்றால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு இது புதிய செய்தி இல்லை. காரின் கதவுக்குப் பெயின்ட் அடித்த பிறகு அதில் புள்ளியோ வழிசலோ இருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலும் மனிதக் கண்தான். ஆனால் அந்தக் கண்ணின் தீர்ப்பை வாகனத் துறை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எம்.எஸ்.ஏ. என்று தரப் பிரிவினர் சொல்லும் அளவீட்டு முறைப் பகுப்பாய்வு, முதலில் ஆய்வாளரைச் சோதிக்கிறது. துறை முழுவதும் பின்பற்றும் ஏ.ஐ.ஏ.ஜி. கையேடு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. 50 பாகங்களை 3 ஆய்வாளர்களிடம் தலா 3 முறை, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கொடுப்பார்கள். தான் முன்பு தேற்றிய பாகத்தையே ஒவ்வொருவரும் மறுமுறையும் தேற்றுகிறாரா, மற்ற இருவரோடும் ஒத்துப்போகிறாரா என்று கணக்கிடுவார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த பிறகு வரும் ‘காப்பா’ என்ற அளவு 0.75ஐத் தாண்டினால் அந்தக் கண்ணை நம்பலாம் என்பது அங்கே வழக்கம். இதோடு ‘லிமிட் சாம்பிள்’ என்ற ஒன்றும் உண்டு. இதுவரை ஏற்கலாம், இதற்கு மேல் கூடாது என்று எல்லையைக் காட்டும் உண்மையான பாகங்களை ஆய்வு மேசையருகே வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கதவின் பளபளப்பைத் தீர்மானிக்கும் ஊழியருக்கு நாம் இவ்வளவு ஏற்பாடு செய்கிறோம். ஓர் இளைஞரின் பட்டத்தைத் தீர்மானிக்கும் தேர்வாளருக்கு ஐந்து வரித் தலைப்புகள் அச்சிட்ட ஒரு தாள்தான் தருகிறோம். ‘படைப்பாற்றல் 20, வழங்கும் முறை 20’ என்று அதில் இருக்கும். 14க்கும் 17க்கும் என்ன வேறுபாடு என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்காது.

ஆகவே எல்லையைக் காட்டும் மாதிரிகளைத் துறைகள் சேர்த்து வைக்க வேண்டும். சென்ற ஆண்டுகளின் படைப்புகளில் சிலவற்றை, மாணவர் ஒப்புதலோடு, ‘இது தேர்ச்சி’, ‘இது முதல்தரம்’ என்று காரணத்தோடு குறித்து வைக்கலாம். மாணவர்களும் அவற்றைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தியது இதைத்தான்: நல்ல வேலை எப்படியிருக்கும் என்பதை ஆசிரியரைப் போலவே மாணவரும் தெரிந்துகொள்ளாதவரை அவரால் தன் வேலையைத் தானே உயர்த்திக்கொள்ள முடியாது. இரண்டு தேர்வாளர்கள் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிடுவதும் பெரிய செலவுள்ள காரியம் இல்லை.

ஆனால் இது பாதி வேலைதான். இரண்டு தேர்வாளர்கள் ஒத்துப்போனார்கள் என்பதாலேயே மதிப்பெண் சரியாகிவிடாது. இருவருமே ஒரே மாதிரி தவறியிருக்கலாம். ஏனெனில் அந்தப் படம் அவர்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக அந்நாட்டு வரைகலை நிறுவனம் 34 குறியீடுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. இன்று உலக விமான நிலையங்களில் நாம் காணும் பல குறிகளின் முன்னோடி அது. பல நாடுகளில் அதற்கு முன் வழக்கிலிருந்த குறிகளை வடிவமைப்பாளர் குழு ஒன்று மூன்று கேள்விகளால் எடைபோட்டது. குறி தன் பொருளைச் சொல்கிறதா, மற்றக் குறிகளோடு ஒரே குடும்பமாக நிற்கிறதா, தூரத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் பயன்படுகிறதா? நம் கல்லூரித் தேர்வுத் தாளைவிட இந்த மூன்று கேள்விகள் எவ்வளவோ மேல். ஆயினும் அந்தக் குழுவில் இருந்தவர்களும் கைதேர்ந்த வடிவமைப்பாளர்களே, பயணப் பெட்டியோடு வழி தெரியாமல் நிற்பவர் அங்கே இல்லை.

அவரைப் போன்ற வாசகரை உள்ளே கொண்டுவந்தால் என்ன தெரியவரும் என்பதற்குக் கதிரியக்க எச்சரிக்கைக் குறி சாட்சி. விசிறி போல மூன்று இதழ்கள் கொண்ட அந்தக் குறி 1946இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எளிமை, சமச்சீர், எங்கிருந்து பார்த்தாலும் தெளிவு என்று வடிவமைப்பு வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கத்தக்க படம் அது. ஆனால் கற்றுக்கொடுக்கப்படாதவருக்கு அது எதையும் சொல்வதில்லை. கைவிடப்பட்ட மருத்துவக் கருவிகளைப் பழைய இரும்பாக எண்ணிப் பிரித்தவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் பிரேசிலில் 1987இலும் தாய்லாந்தில் 2000இலும் நடந்தன. நம் டெல்லி மாயாபுரியில் 2010இல் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த ஒரு கதிரியக்கக் கருவியும் ஓர் உயிரைப் பறித்தது. இந்த விபத்துகளுக்குக் குறி மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் சர்வதேச அணுசக்தி முகமை பாடம் கற்றுக்கொண்டது. 2007இல் வெளியான துணைக் குறியில் மண்டையோடும் ஓடும் மனிதனும் அம்பும் இருக்கின்றன. பார்ப்பதற்கு நெரிசலான படம்தான். ஆனால் அதை இறுதி செய்வதற்கு முன் இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தார்கள். எந்தப் படம் அழகு என்று கேட்டால் பெரும்பாலான தேர்வாளர்கள் 1946இன் குறியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் படம் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரை விலகிப்போகச் செய்யும் என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல முடியும்.

இத்தகைய சோதனைக்கு நெடுநாளாகவே நெறிமுறைகள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 9186 என்ற தரநிலை குறியீடுகளின் புரிதலைச் சோதிக்கும் வழியை வகுக்கிறது. அமெரிக்காவின் பாதுகாப்புக் குறித் தரநிலை, பார்த்தவர்களில் 85 விழுக்காட்டினர் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல், ஆபத்தான விதத்தில் தலைகீழாகப் புரிந்துகொள்வோர் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனையை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குறி புரியாமல் போவது குறை. ‘தொடாதே’ என்ற குறி ‘இங்கே தொடு’ என்று படிக்கப்படுவது ஆபத்து. சுவரில் மாட்டி அழகு பார்க்கும் தேர்வில் இரண்டும் ஒன்றுபோலவே தப்பிவிடும்.

ஒரகடத்தைச் சுற்றியுள்ள இந்த நிலப்பகுதியின் வாசகர்களை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் அறிந்த ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று தன் 108ஆம் பிரிவில் விதித்தது. பெரும்பான்மையின் மொழி தமிழ் என்று வைத்துக்கொண்டால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஒப்பந்த வேலை பார்க்கிறவர் படத்தை மட்டுமே நம்பியிருக்கிறார். இதே பகுதியில், வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட கட்டடத்தில் தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்று காட்டும் வரைபடத்தை ஒரு மாணவி ப்ராஜெக்டாகச் செய்கிறார் என்று கொள்வோம். ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற வகை வரைபடங்களை உளவியலாளர் மார்வின் லெவின் 1980களில் ஆராய்ந்தார். வரைபடத்தின் மேல்பக்கம், பார்ப்பவர் முகம் நோக்கியிருக்கும் திசையோடு பொருந்தாவிட்டால், மக்கள் தவறான திசையில் போய்விடுகிறார்கள் என்று அவர் காட்டினார். அதாவது ஒரே வரைபடம் ஒரு சுவரில் சரியாகவும் எதிர்ச் சுவரில் பிழையாகவும் ஆகிவிடும். கண்காட்சிக் கூடத்தில் நின்று அதைப் பார்க்கும் எந்தத் தேர்வாளராலும், அவர் எவ்வளவு மேதையானாலும், இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. பிழை காகிதத்தில் இல்லை, காகிதத்துக்கும் அது மாட்டப்படும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

தமிழ் எழுத்துக்கும் இதுவே பொருந்தும். ‘தொட்டி’, ‘தோட்டி’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது கொம்பின் ஒரு சிறு சுழி. வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குறில் நெடில் சீர்திருத்தம் நமக்குக் கொடுத்த அந்தச் சுழி, நெருக்கமாக அமைத்த தடித்த எழுத்தில் நான்கு மீட்டர் தள்ளி நின்றால் அடைந்துபோகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் ‘எக்சிட்’ தமிழில் ‘வெளியேறும் வழி’ என்று நீள்கிறது. அதே பலகையில் அதே உயரத்தில் இரண்டையும் அடைக்க முயலும்போது சுருங்குவது தமிழ்தான். ஆங்கில எழுத்துக்காக உருவான அளவுகோல்களை வைத்துத் தமிழ்ப் பலகைக்கு மதிப்பெண் போட்டால் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய மாணவரின் உழைப்பு கண்ணில் படாது. ‘எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை பேர் பிழையின்றிப் படித்தார்கள்’ என்று கேட்டால் அது உடனே கண்ணில் படும்.

ஆகவே மதிப்பெண்ணில் பாதியையாவது படைப்பு வாசகரிடம் போய்வந்த பயணத்துக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். மாணவர் முதல் வரைவோடு உரிய வாசகர்களைச் சந்தித்தாரா? என்ன கேட்டார், அவர்கள் தங்கள் சொற்களில் என்ன சொன்னார்கள்? எங்கே தவறாகப் படித்தார்கள், அதன் பிறகு படத்தில் எது மாறியது, மாறிய படத்தை மறுபடியும் காட்டினாரா? இதில் ஒரு நுட்பத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். சோதனையில் வந்த வெற்றி விழுக்காட்டுக்கு மதிப்பெண் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் எல்லா மாணவர்களும் எளிய பொருளையே தேர்ந்தெடுப்பார்கள். ‘புகை பிடிக்காதே’ குறி நூற்றுக்கு நூறு வாங்கும், நச்சு வாயுக் கசிவை விளக்கும் படத்தை எவரும் தொடமாட்டார். தோல்வியைக் கண்டுபிடித்து அதன் காரணத்தை எடுத்துச் சொல்கிறவருக்கே மதிப்பெண் போக வேண்டும். இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறேன். பவர் பிரஸ் ஓட்டுபவருக்கு எச்சரிக்கைச் சுவரொட்டி செய்யச் சொல்லி ஒரு மாணவரை அனுப்புகிறோம். அவர் இரண்டு வாரம் பேசிப் பார்த்துவிட்டு வந்து, “இங்கே சுவரொட்டி உதவாது, கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் இறங்காதபடி தடுப்பு வைக்க வேண்டும், ஆபத்து அவருக்குத் தெரியாததால் நடக்கவில்லை, உற்பத்தி எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தப்படுவதால் நடக்கிறது” என்று ஆதாரத்தோடு எழுதித் தருகிறார். தொழிற்பாதுகாப்பு அறிவியல் முழுவதும் அவர் பக்கம் நிற்கிறது. ஆபத்தை நீக்குவதும் தடுப்பு அமைப்பதும் முதலில், எச்சரிக்கைப் பலகை அவற்றுக்குப் பிறகுதான் என்பதே அதன் வரிசை. இன்றைய முறையில் அந்த மாணவர் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லாமல் தோற்றுப்போவார். என் கணக்கில் அவர்தான் அந்த வகுப்பில் முதல் மாணவர்.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் கனமானது கலையின் பெயரால் வருவது. பொதுமக்களின் தீர்ப்புக்கு விட்டால் புதுமை செத்துவிடும், பழகியதையே அவர்கள் விரும்புவார்கள் என்பார்கள். விருப்பத்தைக் கேட்டால் அப்படி ஆகக்கூடும். நான் கேட்கச் சொல்வது புரிதலை. “பிடித்திருக்கிறதா?” என்று கேட்பதும் “இதைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பதும் வேறு வேறு. இரண்டாவது கேள்வி புதுமையைத் தடுப்பதில்லை. புதுமை வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 1951–52 பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் சின்னங்களைப் பார்த்து வாக்களித்தார்கள். அவர்களை மனத்தில் வைத்து வரைந்தது அந்தச் சின்னங்களின் கலையைக் குறைத்துவிடவில்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலமான பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியபோதும் கலையோடு கைத்தொழிலும் அங்கே சேர்ந்தே இருந்தது. மீதிப் பாதி மதிப்பெண் கைத்திறனுக்கும் அழகுக்கும் இருக்கட்டும், அதைப் பயின்ற கண்களே பார்க்கட்டும். தனிப்பட்ட வெளிப்பாடாக ஒரு புகைப்படத் தொடரோ குறும்படமோ செய்கிறவருக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் படைப்பு இன்னாருக்கு இன்னதைச் சொல்கிறது என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதிக் கொடுத்தவர் அந்த இன்னாரிடம் போகாமல் தேற முடியாது.

தொழிற்சாலைக்குள் மாணவரை விடமாட்டார்கள் என்பது அடுத்தது. உண்மைதான், பல இடங்களில் கைப்பேசியைக்கூட வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் வாசகர் தொழிற்சாலைக்குள் மட்டும் வாழ்வதில்லை. கம்பெனிப் பேருந்து நிறுத்தத்தில், விடுதி வாசலில், மளிகைக் கடையில், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசையில் அவர் நிற்கிறார். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவரை மறிக்கக் கூடாது, ஒப்புதல் இல்லாமல் படமெடுக்கக் கூடாது, நிறுவனத்தைப் பற்றி அவர் சொன்னதை அவர் பெயரோடு எழுதக் கூடாது. இந்த ஒழுக்கங்களையும் சேர்த்தே கற்பிக்கலாம். மாணவர்கள் இல்லாத பேட்டிகளை எழுதிக்கொண்டு வருவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. அதைத் தடுக்கும் வழி இடைக்கால மதிப்பீடு. மூன்றாவது வாரத்து வரைவும் ஏழாவது வாரத்து வரைவும் தேதியோடு ஆசிரியரிடம் இருந்தால், வாசகரைச் சந்தித்தவரின் படம் எங்கே திரும்பியது என்பது கோடுகளிலேயே தெரியும். சந்திக்காதவரின் இரண்டு வரைவுகளும் ஒன்றாகவே இருக்கும். இதை இன்று முன்னைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நொடிகளில் முழுமையான சுவரொட்டியைத் தந்துவிடுகின்றன. முடிந்த படத்தின் மெருகை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் தேர்வாளராலேயே, எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்று இனிச் சொல்ல முடியாது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிலாளி அந்தச் சுவரொட்டியை எப்படிப் படித்தார் என்பதை எந்தச் செயலியும் மாணவருக்குப் பதிலாகப் போய்க் கேட்டு வராது.

துறைத் தலைவர்களிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த ப்ராஜெக்ட் வைவாவுக்கு இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில் ஒரகடத்தில் இயந்திரம் ஓட்டும் தமிழ்ப் பெண் ஒருவரும், மற்றொன்றில் தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா இளைஞர் ஒருவரும் உட்காரட்டும். அவர்களுக்கு ஒருநாள் ஊதியத்தையும் கொடுங்கள். மாணவர் வாய்திறந்து விளக்குவதற்கு முன்னால், படத்தை முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.